கையொப்பம் வேறுபடுகிறது

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்
புதுச்சேரி பஸ்கால்.
காபி வேண்டாம், வட்டம் விழும் என்றார்.
பையிலிருந்து ஒரு லென்ஸ்.
கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

‘உப்பளத்தில் ஒரு உளவாளி.’
விலை ஒரு ரூபாய் இருபத்தைந்து காசு.
முதுகில் இரண்டு பின், இரண்டிலும் துரு.
தானே புயலில் மஞ்சக்குப்பத்துத் தகரமெல்லாம்
பறந்த ராத்திரி
அரிசி டிரம்முக்குள் கிடந்து பிழைத்தது.
அரிசிக்கு வந்த அந்து ஒன்று
மூன்றாம் பக்கத்தில் தட்டையாகி
உளவாளியின் தொப்பியில் ஒட்டியிருக்கிறது.

“மூவாயிரம் தரலாம்” என்றார்,
அட்டையைத் திருப்பும்வரை.

உள்ளே நீல பால்பாயிண்டில்
வில்வம்.
ம் மேல் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில்
மூன்றிலை.

“அவர் எங்கேயும் போட்டுக் கொடுத்ததில்லையே சார்.
போய்ச் சேர்ந்தே இருபது வருஷம்.
நிஜம்னா பன்னிரண்டாயிரம்.
பொய்னா இது கிறுக்கின புஸ்தகம்,
எண்ணூறு.”

கணக்கு போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம்:
ஒரு இலைக்காக
பதினோராயிரத்து இருநூறு.

கடலூரில் முப்பத்தோரு வருஷம்
கூட்டுறவு வங்கி கவுண்டரில்
கையொப்பம் பார்த்துச் சோறு தின்றவன் நான்.
இடது கையில் மாதிரி அட்டை, வலது கையில் காசோலை,
கொம்பு, சுழி, கால்.
கல்யாணப் பத்திரிகையைக்கூட
அடியிலிருந்துதான் படிப்பேன்.

எண்பத்து நான்கில் வந்தது அந்தக் காசோலை.
இந்தியன் இங்க் விற்ற கடைக்கு
இருநூற்று நாற்பது ரூபாய்.
மாதிரி அட்டையில் கோ. வில்வநாதன்
பரீட்சை எழுதும் பிள்ளைபோல் நேராக நின்றார்.
காசோலையில் அதே பெயர்தான்,
நுனியில் மட்டும் மூன்றிலை துளிர்த்திருந்தது.
திருப்பி அனுப்பினேன்.
சிவப்பு மையில் காரணம்:
கையொப்பம் வேறுபடுகிறது.

மறுநாள் வந்து நின்றார்,
சட்டைக் கையெல்லாம் கறுப்பு.
சண்டை போடவில்லை.
“இலை போட்டா செல்லாதா?”
“செல்லாது.”
“போடாம கை நிக்கமாட்டேங்குதே.”

அப்போதுதான் பார்த்தார்,
லெட்ஜருக்கு அடியில் நான் ஒளித்திருந்த உளவாளியை.
உருவி எடுத்தார்.
கவுண்டர் பேனாவின் நூல் எட்டவில்லை,
புத்தகத்தைப் பேனாவுக்குக் கொண்டுபோனார்.

பஸ்காலின் லென்ஸ் மேலே நகர்கிறது.
ஈரம் பட்டு மங்கின ஒரு வரி.
எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்:
“இலை செல்லாது என்ற மாசிலாமணிக்கு.”

“அடடா, பேர் போட்டிருக்கே.”
பேர் போட்டால் விலை இறங்குமாம்.
இன்னொரு மாசிலாமணி கிடைத்தாலொழிய
ஒன்பதாயிரம்தானாம்.

“அதுக்கும் ஒரு கடுதாசி வேணும் சார்,
உங்க கண் முன்னாடி போட்டதுன்னு.
கூட பான் கார்டு நகல்.”

எழுதினேன்.
தேதி, இடம், கவுண்டர் எண் மூன்று.
கீழே என் பெயர்.

அவர் இடது கையில் கார்டு.
வலது கையில் கடுதாசி.
லென்ஸ் போகிறது, வருகிறது,
மறுபடி போகிறது.
இந்த மௌனத்தை நான் எத்தனையோ பேருக்குக்
கொடுத்திருக்கிறேன்.
வாங்கினதில்லை.

“தப்பா நினைக்காதீங்க சார்…
மூணு சுழி ணகரம்,
இதுல ரெண்டுதானே இருக்கு?”

பேனாவை மூடினேன்.
புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு
இப்போ காபி குடிப்பீங்களா என்றேன்.